தண்ணீர் எந்த இடத்தில் நின்றது? வாடகை வீட்டுத் தாங்கிக்கு ஒரு பிழை நீக்கும் வழிமுறை

கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடல் பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில், அண்ணாவின் மூன்று தட்டு வீடு என் பொறுப்பில் இருக்கிறது. அண்ணா கனடாவில். கீழே நானும் என் கணவரும். முதலாம் மாடியில் கைக்குழந்தையோடு ஒரு குடும்பம். இரண்டாம் மாடியில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும் மனைவியும். பின்பக்க அனெக்ஸில் யாழ்ப்பாணத்திலிருந்து படிக்க வந்த மூன்று பொடியன்கள். மொத்தம் பத்துப் பேர், ஒரு மீற்றர், ஒரு மோட்டர், நிலத்துக்குள் ஒரு தாங்கி, மொட்டை மாடியில் 1000 லீற்றர் தாங்கி ஒன்று.

காலை ஆறரைக்குக் கதவு தட்டப்படும். "அன்ரி, தண்ணி வருதில்லை." இந்த ஒரு வசனத்துக்குள் பத்துப் பன்னிரண்டு வெவ்வேறு நோய் ஒளிந்திருக்கும் என்பது எனக்குத் தெரிய ஏழெட்டு வருடம் எடுத்தது. அதற்கு முன் எல்லாவற்றுக்கும் பிளம்பர் பாஸைக் கூப்பிட்டுக் காசு கொடுத்தேன். ஒரு தடவை அவர் வந்து, மொட்டை மாடிக்கு ஏறி, மூடிக் கிடந்த வால்வு ஒன்றைத் திறந்துவிட்டு இறங்கினார். மூன்று நிமிட வேலை. காசு வாங்கக் கூச்சப்பட்டு, "அக்கா, அடுத்த முறை தண்ணி வாற வழியாலேயே நீங்களும் நடந்து பாருங்க, எங்க நின்றது என்று தெரியும்" என்றார். கீழே எழுதியிருப்பதெல்லாம் அந்த நடையின் விரிவுதான்.

## முதலில் வழி

வீதியின் பிரதான குழாயிலிருந்து வரும் தண்ணீர் மீற்றரைத் தாண்டி, நிலத்தடித் தாங்கிக்குள் ஒரு மிதவை வால்வு வழியாக விழுகிறது. அங்கிருந்து மோட்டர் உறிஞ்சி மொட்டை மாடித் தாங்கிக்கு ஏற்றுகிறது. அதன்பின் மோட்டருக்கு வேலை இல்லை. தன் பாரத்தாலேயே தண்ணீர் ஒவ்வொரு வீட்டுக்கும் இறங்குகிறது. முற்றத்தில் ஒரு பைப் மட்டும் மீற்றருக்கு அடுத்தபடியாக நேரடிக் குழாயிலேயே இருக்கும். உங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று இருந்தால் அதைத் தங்கமாக வைத்துக்கொள்ளுங்கள். பாதிப் பிழைகளை அந்த ஒரு பைப் சொல்லிவிடும்.

நல்லபடியாக ஓடும் ஒரு நாளில் சில அளவுகளை எடுத்து மோட்டர் சுவிட்சுக்குப் பக்கத்துச் சுவரில் எழுதி வைக்க வேண்டும். வெறும் தாங்கி நிரம்ப எத்தனை நிமிடம் எடுக்கிறது என்பது முதல் அளவு. என் அரைக் குதிரைவலு மோட்டருக்கு 40 நிமிடம். அது 60 நிமிடமானால் ஏதோ கோளாறு தொடங்கிவிட்டது, ஆனால் இன்னும் நேரம் இருக்கிறது என்று அர்த்தம். முற்றத்துப் பைப்பில் ஒரு வாளி நிரம்ப எத்தனை விநாடி என்பது அடுத்தது. ஆளுக்கு நாளைக்கு 130 லீற்றர் என்று போட்டால் எங்கள் பத்துப் பேருக்கு 1300 லீற்றர். அதாவது மேல்தாங்கி ஒரு நாளில் ஒரு தடவைக்கு மேல் நிரம்பித்தான் ஆக வேண்டும். இந்தக் கணக்கைப் பார்க்காமல் "நேற்றுத்தானே நிரப்பினோம்" என்று சண்டை பிடித்த நாட்களும் உண்டு.

## "ஒரு வீட்டிலும் தண்ணீர் இல்லை"

முற்றத்துப் பைப்பைத் திறக்கவும். அதில் நன்றாக வந்தால் வீதியில் பிழை இல்லை. அதிலும் வராவிட்டால் அக்கம்பக்கத்தில் கேளுங்கள். அவர்களுக்கும் இல்லையென்றால் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் 1939 இலக்கத்துக்கு எடுத்து, பில்லில் உள்ள கணக்கு இலக்கத்தைச் சொல்லுங்கள். நீர்வெட்டு முன்னறிவிப்போடு வந்ததா, குழாய் உடைந்ததா என்று சொல்வார்கள். பக்கத்து வீட்டில் வந்து உங்களுக்கு மட்டும் இல்லையென்றால் மீற்றரடியில் உள்ள வால்வைப் பாருங்கள். வீதியில் தோண்டி வேலை செய்த பிறகு அது பாதி மூடியபடி கிடந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

முற்றத்தில் வருகிறது, வீடுகளில் இல்லை என்றால் மொட்டை மாடிக்கு ஏறுங்கள். படியேறச் சோம்பல்பட்டு மோட்டரைப் போடாதீர்கள். மேல்தாங்கியின் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தால்தான் எந்தப் பக்கம் போவது என்று தெரியும். தாங்கி வெறுமை என்றால் பிழை கீழே, மோட்டர் பக்கம். தாங்கி நிறைய இருந்தும் வீட்டில் இல்லை என்றால் பிழை தாங்கியின் வெளிவாயில் வால்வில்.

அந்த வால்வு பழைய பித்தளைச் சக்கர வால்வு என்றால் அதை நம்பவேண்டாம். கடல்காற்றில் உள்ளே உள்ள தண்டு அரித்து உடைந்துவிடும். கைப்பிடி அழகாகச் சுற்றும், நீங்களும் திறந்துவிட்டதாக நினைப்பீர்கள், உள்ளே தகடு விழுந்து மூடியபடியே இருக்கும். என்னை ஒரு முழுப் பகல் அலைய வைத்தது இந்தப் பிழைதான். மாற்றும்போது கால் சுற்றுத் திருப்பும் லீவர் வால்வாகப் போடுங்கள். லீவர் குழாயோடு ஒரே திசையில் நின்றால் திறந்திருக்கிறது, குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது. தூரத்திலிருந்தே தெரியும்.

வெளிவாயும் சரி, தாங்கியிலும் தண்ணீர் இருக்கிறது என்றால் தாங்கியின் அடியில் சேற்றுப்படை வெளிவாயை அடைத்திருக்கலாம். கழுவுகிற காலம் வந்துவிட்டது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

## "நிலத்தடித் தாங்கியே நிரம்பவில்லை"

பகலில் இல்லாமல் விடியப் பார்த்தால் நிரம்பியிருக்கிறது என்றால் அது பெரும்பாலும் வீதி அமுக்கம்தான். எல்லாரும் ஒரே நேரத்தில் குளித்துத் துவைத்துச் சமைக்கும்போது அமுக்கம் விழும், இரவு பதினொன்றுக்குப் பிறகு எழும்பும். சித்திரைப் புத்தாண்டுக்கு ஊருக்குப் போகிறவர்கள் எல்லாம் போய்க் கொழும்பு காலியாகும் அந்த ஒரு வாரத்தில்தான் என் நிலத்தடித் தாங்கி நண்பகலில் நிரம்பி நிற்கக் காண்பேன். இதற்கு மருந்து பெரிய நிலத்தடித் தாங்கி. இரவில் சேர்த்துப் பகலில் செலவழிப்பது.

சிலர் வீதிக் குழாயிலேயே நேரே மோட்டரைப் பொருத்தி உறிஞ்சுகிறார்கள். சபை அதை அனுமதிப்பதில்லை. அது ஒருபுறம் இருக்க, உறிஞ்சும்போது குழாய்க்குள் வெற்றிடம் உண்டாகி, நிலத்துக்கடியில் எங்காவது வெடிப்பு இருந்தால் அதன் வழியே சேற்றுத் தண்ணீரும் கழிவுத் தண்ணீரும் உள்ளே இழுபடும். நீங்களும் குடிக்கிறீர்கள், ஒழுங்கை முழுக்கவும் குடிக்கிறது. இரவிலும் நிரம்பாவிட்டால் உறிஞ்சுவதைப் பற்றி யோசிக்காமல் மிதவை வால்வைக் கழற்றிப் பாருங்கள். வாய் துளையில் சிறுகல்லோ துருவோ சிக்கியிருக்கும். பழைய பல்துலக்கி போதும்.

## "மோட்டர் உறுமுகிறது, தண்ணீர் ஏறவில்லை"

இதில்தான் அதிகம் காசு போகும். பாதிப்பேர் மோட்டர் எரிந்துவிட்டது என்று நினைத்துப் புதியது வாங்கிவிடுகிறார்கள். முதலில் காது கொடுத்துக் கேளுங்கள். சத்தம் இரண்டு விதம்.

ஒன்று, சுற்றாமல் "ம்ம்ம்" என்று உறுமுவது. உடனே நிறுத்துங்கள். ஒரு நிமிடம் விட்டால் சுருள் கருகும். பிரதான சுவிட்சையும் நிறுத்திவிட்டு, மோட்டரின் பின்பக்க விசிறி மூடியைக் கழற்றி, விசிறியைக் கையால் சுற்றிப் பாருங்கள். இறுகி நின்றால் உள்ளே துருப் பிடித்திருக்கிறது. கடல் பக்க வீடுகளில் இரண்டு மாதம் ஆளில்லாமல் பூட்டிக் கிடந்தாலே இது நடக்கும். மெதுவாக முன்னும் பின்னும் அசைத்தால் பலவேளை விடுபடும். விசிறி இலகுவாகச் சுற்றுகிறது, ஆனாலும் கரண்ட் போட்டால் உறுமுகிறது என்றால் கப்பாசிற்றர் போயிருக்கும். அது சின்ன உருளை, மலிவான சாமான். பழையதில் உள்ள மைக்ரோபரட் அளவை அப்படியே பார்த்து அதே அளவில் வாங்க வேண்டும். கரண்டை நிறுத்திய பிறகும் அதற்குள் மின்சாரம் நின்று அடிக்கும், ஆகவே இந்த ஒரு வேலையை எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

இரண்டாவது, மோட்டர் வழக்கம்போல், சொல்லப்போனால் வழக்கத்தைவிட லேசாக, ஓடுகிறது. தண்ணீர் மட்டும் இல்லை. நிலத்தடித் தாங்கியில் தண்ணீர் இருக்கிறதா? இருந்தால் உறிஞ்சு குழாயில் காற்றுப் புகுந்திருக்கிறது. மோட்டரின் தலையில் உள்ள திருகைக் கழற்றித் தண்ணீர் ஊற்றி, காற்றுக் குமிழி நிற்கும்வரை நிரப்பி, இறுக்கிவிட்டுப் போடுங்கள். ஏறத் தொடங்கினால் அன்றைக்குச் சரி. ஆனால் ஒவ்வொரு விடியலும் இப்படி ஊற்ற வேண்டியிருந்தால் குழாயின் அடிமுனையில் உள்ள அடிவால்வு கசிகிறது. இரவில் குழாய்த் தண்ணீர் தாங்கிக்கே திரும்பி இறங்கிவிடுகிறது. பெரும்பாலும் அதற்குள் மணல் சிக்கியிருக்கும். புதிது போட்டால் அடியிலிருந்து ஒரு சாண் உயர்த்திப் போடச் சொல்லுங்கள், சேறு உறிஞ்சாது. அடிவால்வு நல்லது என்றால் உறிஞ்சு குழாயின் பொருத்துகளில் எங்காவது மயிரிழைக் கசிவு இருக்கும். தண்ணீர் வெளியே வராது, காற்று உள்ளே போகும். அதனால் ஈரம் தேடிப் பயனில்லை. பொருத்துகளில் சவர்க்கார நுரை பூசி மோட்டரைப் போட்டால் நுரை உள்ளே இழுபடும் இடம் அதுதான்.

பின்னேரம் ஆறு ஏழு மணிக்கு மட்டும் தண்ணீர் மெதுவாக ஏறி, வீட்டு விளக்கும் மங்கினால் அது வோல்டேஜ் குறைவு. மோட்டரை மதியம் போடுங்கள்.

ட்ரிப் சுவிட்ச் விழுகிறது என்றால் அது வேறு கதை. ஒரு தடவை விழுந்தால் திரும்பப் போட்டுப் பார்க்கலாம். இரண்டாம் தடவையும் விழுந்தால் தொடாதீர்கள். மழைக்குப் பிறகு மோட்டர் வயர்ப் பெட்டிக்குள் ஈரம் இறங்கியிருக்கும். அந்தச் சுவிட்ச் உங்களைக் காப்பாற்றுகிறது. அதைக் கட்டிவைத்து, அல்லது தவிர்த்து நேரே கரண்ட் கொடுக்கும் "கெட்டித்தனத்தை" யார் சொன்னாலும் கேட்கவேண்டாம். ஈரத்தரையில் வெறுங்காலோடு நின்று சுவிட்ச் போடுகிற இடம் இது.

## "மோட்டர் நிற்கவே மாட்டேன் என்கிறது" அல்லது "போட்டுப் போட்டு நிற்கிறது"

தானாக நிற்கும் மோட்டருக்கு மேல்தாங்கியில் மிதக்கும் மின்சுவிட்ச் ஒன்று தொங்கும். அதன் வயர் உட்குழாயில் சுற்றிக்கொண்டால் மிதவை எழும்பாது, மோட்டரும் நிற்காது. பத்துத் தடவையில் எட்டுத் தடவை இதுதான். வயரைப் பிரித்துவிட்டு, சுவரோரம் ஒரு கட்டுக் கட்டிவிடுங்கள். வயரை மிகக் குட்டையாகக் கட்டினால் தண்ணீர் நாலு விரல் இறங்கினாலே மோட்டர் எழும்பும், உடனே நிற்கும், மறுபடி எழும்பும். அடிக்கடி ஓடுவதற்குக் காரணம் அது. நீளத்தைக் கூட்டினால் தீர்ந்தது.

நிலத்தடித் தாங்கியிலும் இப்படி ஒரு மிதவைச் சுவிட்ச் போட்டு, தண்ணீர் இல்லாதபோது மோட்டர் ஓடாமல் தடுப்பது நல்லது. எங்கள் வீட்டில் அது இருக்கவில்லை. பொடியன்கள் மோட்டரைப் போட்டுவிட்டுக் கிரிக்கெட் பார்க்கப் போன ஒரு பின்னேரம் மோட்டர் வறட்டு ஓட்டம் ஓடி, சீல் உருகிப் போனது. அவர்களைத் திட்டினேன். பிறகு யோசித்தால், ஒரு சுவிட்ச் போடாத பிழை என்னுடையது.

## "மேல்தாங்கி வழிகிறது"

வழிவுக்குழாயில் தண்ணீர் சொட்டினால் மோட்டர் ஓடும்போது சொட்டுகிறதா, எப்போதுமா என்று பாருங்கள். மோட்டர் ஓடும்போது மட்டும் என்றால் மேலே சொன்ன மிதவைச் சுவிட்ச். நிலத்தடித் தாங்கி வழிகிறது என்றால் உள்ளே உள்ள மிதவை வால்வு. மிதவைப் பந்தைக் கழற்றிக் காதருகே ஆட்டுங்கள், சளசளத்தால் உள்ளே தண்ணீர் போய்விட்டது, பந்து மிதக்காது. சளசளக்காவிட்டால் ரப்பர் வாசர். இரண்டும் பழைய சோனகத் தெருவின் ஹாட்வெயார் கடைகளில் சில்லறைக்குக் கிடைக்கும், ஆனால் பழையதைக் கையோடு கொண்டு போங்கள். கடைக்காரர் நாலு அளவு காட்டுவார், நீங்கள் முழிப்பீர்கள்.

## "ஒரு வீட்டில் மட்டும் வரவில்லை"

தாங்கி ஒருக்கால் முழுதாக வற்றி மறுபடி நிரம்பிய பிறகு இது வரும். குழாயின் மேல்வளைவு ஒன்றில் காற்று அடைத்துக்கொள்கிறது. அந்த வீட்டின் எல்லாப் பைப்பையும், தாழ்வானதிலிருந்து தொடங்கி, முழுக்கத் திறந்து பத்து நிமிடம் விடுங்கள். துப்பித் துப்பி வந்தால் அதுதான் நோய், அதுதான் மருந்தும். அசையாவிட்டால் முற்றத்து நேரடிப் பைப்பையும் அந்த வீட்டின் அடைத்த பைப்பையும் ஒரு ஹோஸால் இணைத்து, இரண்டையும் திறந்து, ஒரு நிமிடம் வீதி அமுக்கத்தால் பின்னோக்கித் தள்ளுங்கள். மேலே ஒருவர் நின்றால் தாங்கிக்குள் குமிழி வரும் சத்தம் கேட்கும். வேலை முடிந்ததும் ஹோஸைக் கழற்றிவிட வேண்டும், மறக்காதீர்கள்.

ஒரு வீட்டில், அதுவும் ஒரே பைப்பில் மட்டும் என்றால் அந்தப் பைப்பின் வாய்ச் சல்லடையைக் கழற்றிக் கழுவினால் போதும்.

## "மேல்மாடி ஷவரில் சொட்டுத்தான்"

ஆசிரியர் ஐயா முதலில் கேட்டது இதைத்தான்: "தாங்கிக்குக் கிட்ட இருக்கிறது நான், எனக்கல்லவா முதலில் வர வேண்டும்?" நியாயமான கேள்வி. ஆனால் தண்ணீருக்குப் பக்கம் முக்கியமில்லை, உயர வித்தியாசம்தான் முக்கியம். பத்து மீற்றர் உயரம் இருந்தால்தான் ஒரு பார் அமுக்கம். அவருடைய ஷவருக்கும் தாங்கித் தண்ணீருக்கும் இரண்டு மீற்றர்கூட இல்லை, 0.2 பாரும் தேறாது. கீழ்த்தட்டில் எனக்கு எட்டு மீற்றர். நான் பைப்பைத் திறந்தால் அவருக்குப் போவதையும் நான் இழுத்துக்கொள்கிறேன்.

இரண்டு வழி செய்தோம். தாங்கியிலிருந்து மேல்மாடிக்கென்று தனிக் குழாய் ஒன்று இறக்கினோம். பாதி குறை அதோடு தீர்ந்தது. சுடுதண்ணீர் ஷவருக்குச் சிறு பம்ப் உள்ளேயே உள்ள மாதிரியை ஐயா போட்டார். தாங்கியை இரும்புச் சட்டத்தில் உயர்த்துவது மூன்றாவது வழி. ஆனால் 1000 லீற்றர் என்றால் ஒரு தொன் பாரம். சிலாப்பின் வலுவைத் தெரிந்தவர் ஒருவரிடம் கேட்காமல் ஏற்றாதீர்கள்.

## "பில் இந்த மாதம் இரட்டிப்பு"

வீட்டுக்காரருக்கும் வாடகைக்காரருக்கும் முகம் கறுக்கும் இடம். ஆகவே கோபப்படுவதற்கு முன் ஒரு பின்னேரத்தைச் செலவழியுங்கள்.

முதலில் பில்லில் உள்ள மீற்றர் அளவும் மீற்றரில் உள்ள அளவும் ஒத்துப் போகின்றனவா? கேற் பூட்டியிருந்தால், நாய் குரைத்தால், வாசிக்க வருகிறவர் உத்தேசக் கணக்கு எழுதிவிட்டுப் போவதுண்டு. அப்படியானால் அடுத்த மாதம் நேராகிவிடும். ஒத்துப் போனால் தேடத்தான் வேண்டும். பில்லில் ஒரு அலகு என்பது 1000 லீற்றர்.

எல்லாப் பைப்பையும் பூட்டி, நிலத்தடித் தாங்கிக்குப் போகும் வால்வையும் மூடுங்கள். மீற்றரின் சின்னச் சக்கரம் இன்னும் சுற்றுகிறதா? சுற்றினால் மீற்றருக்கும் தாங்கிக்கும் இடையில் நிலத்துக்குள் கசிவு. நின்றால் அந்தப் பகுதி சுத்தம், தாங்கிக்கு வாருங்கள். மோட்டரை நிறுத்தி, தண்ணீர் மட்டத்தில் சுவரில் சோக்கால் கோடு போட்டு, இரண்டு மணித்தியாலம் விடுங்கள். மட்டம் இறங்கினால் நிலத்தடித் தாங்கிச் சுவரில் வெடிப்பு. இறங்காவிட்டால் மேல்தாங்கிக்குப் போய், வெளிவாயை மூடி அதே சோதனை. அங்கும் இறங்காவிட்டால் வெளிவாயைத் திறந்து, வீடுகளில் யாரும் பாவிக்காத நேரத்தில் ஒரு மணித்தியாலம் பாருங்கள். இப்போது இறங்கினால் பிழை வீடுகளுக்குள்தான்.

வீடுகளுக்குள் என்றால் முதல் சந்தேகம் கொமட் தொட்டி. சத்தமில்லாமல், கண்ணுக்குத் தெரியாமல் இரவு பகலாக ஓடும். துணிக்குப் போடும் நீலத்தை இரண்டு சொட்டுத் தொட்டிக்குள் விட்டு, இழுக்காமல் இருபது நிமிடம் விடுங்கள். கொமட்டுக்குள் நீலம் இறங்கினால் அடைப்பு ரப்பர் போய்விட்டது. எங்கள் அனெக்ஸில் அப்படித்தான் பிடித்தோம். விநாடிக்கு ஒரு சொட்டு விடும் பைப் ஒன்றுகூட நாளைக்கு இருபது லீற்றருக்கு மேல் கொட்டும், கொமட் அதைவிடப் பல மடங்கு.

ஒரே மீற்றரில் நான்கு வீடு என்றால் இன்னொரு சிக்கல் உண்டு. அலகு கூடக்கூட ஒரு அலகின் விலையும் ஏறும் கணக்கு இது. ஆகவே தனித்தனியாக இருந்தால் மலிவான படியில் நிற்கும் நான்கு வீடும் சேர்ந்து விலையான படிக்கு ஏறிவிடுகின்றன. யாரும் வீணாக்காமலேயே பில் கூடும். நான் ஒவ்வொரு வீட்டுக் குழாயிலும் ஒரு சின்ன உப மீற்றர் போட்டேன். சபைக்கு அதோடு சம்பந்தமில்லை, பிரித்துக் கட்ட எங்களுக்கு மட்டும். அதன்பின் "யார் வாளி வாளியாகக் கார் கழுவுகிறது" என்ற கதை நின்றுபோனது.

## "நிறம், மணம், சுவை சரியில்லை"

கண்ணாடி டம்ளரில் பிடித்து வெளிச்சத்தில் வையுங்கள். பால்போல் வெள்ளையாக வந்து, அடியிலிருந்து மேலாகத் தெளிந்தால் அது வெறும் காற்று. குளோரின் மணம் திறந்து வைத்தால் போய்விடும்.

செம்மண் நிறம் ஒழுங்கை முழுதும் என்றால் வீதிக் குழாய் வேலை. உடனே தாங்கி வால்வை மூடுங்கள்! இல்லாவிட்டால் அந்தச் சேறு உங்கள் தாங்கியில் படிந்து மாதக்கணக்கில் வரும். முற்றத்துப் பைப்பில் தெளியும்வரை விட்டு, பிறகு திறவுங்கள். விடிய முதல் வாளி மட்டும் மஞ்சள், பிறகு தெளிவு என்றால் வீட்டின் பழைய இரும்புக் குழாய் துருப்பிடித்திருக்கிறது. கறுப்புத் துகள் வந்து, விரலில் தேய்க்க மை போல் பிடித்தால் ஏதோ ரப்பர் வாசர் கரைகிறது.

நாற்றம் என்றால் ஒரு டம்ளரில் பிடித்து வேறு அறைக்குக் கொண்டுபோய் மணந்து பாருங்கள். அங்கே மணக்காவிட்டால் தண்ணீரில் பிழையில்லை, உங்கள் சிங்கின் கழிவுக்குழாய்தான் மணக்கிறது. அங்கேயும் மணந்தால் மேல்தாங்கி மூடியைப் பாருங்கள். மூடி காற்றில் பறந்த தாங்கிக்குள் நான் கண்டவற்றைச் சாப்பிடும் நேரத்தில் வாசிப்பவர்களுக்காக எழுதாமல் விடுகிறேன்.

உப்புச் சுவை வேடிக்கையானது. கொழும்பின் தண்ணீரில் பெரும்பங்கு களனி கங்கையிலிருந்து அம்பத்தலையில் எடுக்கப்படுகிறது. கடும் வரட்சியில் ஆறு வற்றினால் கடல்நீர் ஆற்றுக்குள் ஏறி வரும். அதைத் தடுக்க அங்கே தடுப்பணை உண்டு. அப்படி வந்தால் நகரத்தின் பெரும்பகுதிக்கும் தெரியும். உங்கள் வீட்டில் மட்டும் உப்பு என்றால் யாரோ கிணற்றுக் குழாயைத் தாங்கிக் குழாயோடு இணைத்திருக்கிறார்கள். எங்கள் பக்கத்துப் பழைய வளவுகளில் கிணறு உண்டு, கொமட்டுக்கும் செடிக்கும் பாவிப்பார்கள். குடிக்கும் குழாயோடு அது கலக்கவே கூடாது.

பெருமழைக்குப் பின் மணம் மாறினால் சந்தேகம் நிலத்தடித் தாங்கிமேல். கார் நிறுத்துமிடத்துத் தரையோடு தரையாக மூடி வைத்திருப்பார்கள், வெள்ளம் நேரே உள்ளே போகும். மூடியைச் சுற்றி அரை அடி வரம்பு கட்டுங்கள். வெள்ளம் உள்ளே போயிருந்தால் அந்தத் தண்ணீரைக் கொதிக்க வைத்தும் சமாளிக்க வேண்டாம். வெளியேற்றிக் கழுவுங்கள்.

கழுவும் முறை: தண்ணீரைக் கொட்டவேண்டாம். இரண்டு நாள் முன்பே உள்வரவை மூடி, பாவித்தே குறையுங்கள். சேற்றை எடுத்து, தூரிகையால் தேய்த்து, கழுவி, மறுபடி நிரப்பி, 1000 லீற்றருக்கு வாசனை சேராத 5 சதவீத ப்ளீச் ஒரு லீற்றர் ஊற்றுங்கள். எல்லாப் பைப்பிலும் குளோரின் மணம் வரும்வரை திறந்து மூடி, ஒரு இரவு முழுக்க விட்டு, விடியக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் நிரப்புங்கள். அந்த இரவு யாரும் குடிக்கக் கூடாது என்று ஒவ்வொரு கதவிலும் நானே போய்ச் சொல்வேன், கைக்குழந்தை வீட்டில் இரண்டு தடவை. ப்ளீச்சோடு அசிட் எதையும் சேர்க்காதீர்கள், நச்சு வாயு வரும். நிலத்தடித் தாங்கிக்குள் தனியாக ஒருவர் இறங்கக்கூடாது. மூடியைத் திறந்து காற்றோட விட்டு, மேலே ஒருவர் நிற்க, இறங்குங்கள். பெற்றோலில் ஓடும் பம்பைக் கிட்டவும் வைக்கவேண்டாம், அந்தப் புகை கீழே தேங்கி ஆளைக் கொல்லும். வருடத்துக்கு இரண்டு தடவை போதும்.

## "கரண்ட் போனால் தண்ணீரும் போகிறது"

2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு வந்தபோது, மேல்தாங்கியின் அருமை எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்தது. அதன்பின் ஒரு வழக்கம் வைத்தோம். தாங்கி பாதிக்குக் குறைய விடுவதில்லை. இரவு படுக்குமுன் நிரப்பிவிடுவோம். 2025 பெப்ரவரி 9 ஞாயிறு காலை நாடு முழுவதும் கரண்ட் போனது. பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு மாட்டிக்கொண்டதுதான் காரணம் என்று அமைச்சரே சொன்னார். குரங்கோ என்னவோ, அன்று எங்கள் வீட்டில் பத்துப் பேரும் குளித்தார்கள். கரண்ட் திரும்பி வந்த உடனே மோட்டரைப் போடாமல் பத்து நிமிடம் பொறுங்கள். வந்த கையோடு வோல்டேஜ் ஏறி இறங்கும்.

## நுளம்பு

மூடி இல்லாத தாங்கி, வலை இல்லாத வழிவுக்குழாய், மொட்டை மாடியில் கழற்றிப்போட்ட பழைய மிதவைப் பெட்டி: டெங்கு நுளம்புக்கு இது போதும். 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடைச் சட்டம் வளவில் நுளம்பு பெருக விடுவதைக் குற்றமாக்கியிருக்கிறது. பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து மொட்டை மாடி ஏறிப் பார்ப்பார். வழிவுக்குழாய் வாயில் நுளம்பு வலைத் துண்டொன்றை ரப்பர் வளையத்தால் கட்டினால் போதும், ஆனால் மாதம் ஒரு தடவை தூசி அடைத்திருக்கிறதா பாருங்கள்.

## யார் காசு?

பைப் வாசர், ஷவர் தலை, கொமட் ரப்பர் போன்ற தேய்மானச் சாமான் வாடகைக்காரர். மோட்டர், தாங்கி, சுவருக்குள் உள்ள குழாய், நிலத்தடித் தாங்கி வெடிப்பு வீட்டுக்காரர். மீற்றருக்கு வீதிப் பக்கம் உள்ள கசிவு சபையின் வேலை, 1939க்குச் சொன்னால் போதும். இது நாங்கள் வைத்திருக்கும் முறை. வாடகை உடன்படிக்கையில் எழுதியிருந்தால் எழுதியதுதான் செல்லும், ஆகவே எழுதுங்கள். "அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கோ" என்று வாயால் சொன்னது, வீடு விட்டுப் போகும் நாளில் இரண்டு பேருக்கும் இரண்டு விதமாக ஞாபகம் வரும்.

மோட்டர் சுவிட்ச் யார் கையில் என்பதையும் எழுதிவிடுங்கள். எங்கள் வீட்டில் காலை ஐயா, இரவு பொடியன்கள். நேரத்தைச் சுவரில் உள்ள தாளில் குறிக்க வேண்டும். போன மாதம் அந்தத் தாளில் 40 என்பது 52 ஆகியிருந்தது. அடிவால்வை மாற்றினோம், அடுத்த நாள் 41.